வீட்டுப் பவளப்பாறைத் தொட்டி

வீட்டுப் பவளப்பாறைத் தொட்டி என்பது வெப்பமண்டலக் கடலின் பவளப்பாறைச் சூழலைச் சிறிய அளவில் ஒரு கண்ணாடித் தொட்டியில் உருவாக்கிப் பேணும் அமைப்பு ஆகும். சாதாரண கடல்மீன் தொட்டியில் மீன்களே முதன்மையானவை. பவளப்பாறைத் தொட்டியிலோ பாறையும், அதில் ஒட்டி வாழும் முதுகெலும்பில்லா உயிர்களும், அவற்றைச் சுற்றி ஓடும் நீருமே முதன்மையானவை. மீன்கள் அதன் பின்னரே வருகின்றன. இவ்வுயிர்கள் நீரின் வெப்பம், உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் தாங்குவதில்லை. எனவே இத்தொட்டியின் வெற்றி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது தொட்டிக்குக் கீழுள்ள குழாய்களிலும் எக்கியிலும் தங்கியுள்ளது.

கடற்கரையில் இருப்போர் கடல்நீரை நேரே பெறலாம். உள்நாட்டு ஊர்களில் நீரையே செய்துகொள்ள வேண்டியுள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக்கரையில் உள்ள பட்டு நெசவு நகரமான ஆரணியிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இக்கட்டுரை அத்தகைய ஓர் ஊரின் நீரையும் கோடையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

வரலாறு

உயிருள்ள பவளத்தைக் கடலுக்கு வெளியே நெடுநாள் காத்தவர்களில் முதலில் குறிப்பிடத்தக்கவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா தைன் என்னும் பெண்மணி ஆவார். இவர் 1846 இல் டார்க்கீ கடற்கரையில் எடுத்த குளிர்கடல் கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வளர்த்தார். எக்கி இல்லாத அக்காலத்தில், பணிப்பெண் ஒருவர் திறந்த சாளரத்தின் அருகே நின்று நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றூட்டினார். இன்றைய குழாயமைப்பு செய்வதும் அடிப்படையில் இதே வேலையைத்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான கடல்மீன் காட்சியகம் சென்னைக் கடற்கரையில் 1909 இல் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதற்கு வித்திட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

வீட்டுத் தொட்டிகளில் பெரிய மாற்றம் இந்தோனேசியாவிலிருந்து வந்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் குடியேறிய பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு தொட்டி நீர் தூய்மையாக இருப்பதை 1961 இல் எழுதி வெளியிட்டார். பாறையில் வாழும் நுண்ணுயிரிகளே வடிகட்டியாகச் செயல்படுகின்றன என்பது இதன் சாரம். இத்துடன் புரதப் பிரிப்பானையும் வலிய ஒளியையும் சேர்த்துச் செருமானிய ஆர்வலர்கள் உருவாக்கிய முறை பெர்லின் முறை எனப்படுகிறது. இன்று வீடுகளில் அமைக்கப்படும் தொட்டிகளுள் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

பாறையும் சட்டமும்

லீ சின் எங் கடலிலிருந்து எடுத்த பாறையைப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டில் அது இயலாது, இயலவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் தூத்துக்குடிப் பகுதியில் நெடுங்காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் வெட்டியெடுக்கப்பட்டன. 1986 இல் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அத்தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நிறுத்திய பாறை வெட்டப்பட்டதே இதற்கு முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது.

2001 இல் கற்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளின் எண்ணிக்கையை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தபோதும் கற்பவளங்கள் முதல் அட்டவணையிலேயே நீடிக்கின்றன. இந்தியக் கடலில் எடுத்த கற்பவளத்தைச் சேகரிப்பதும் விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமாகும். கரையொதுங்கிய இறந்த பவளத்துண்டும் இதற்கு விலக்கன்று. ‘உயிர்ப்பாறை’ என்ற பெயரில் விற்கப்படும் பாறை பெரும்பாலும் பழைய பவள எலும்பே என்பதால், எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாத பாறையை வாங்காமலிருப்பதே நன்று.

இக்காரணத்தால் பாறையைக் கையால் செய்துகொள்கின்றனர். ஒரு பங்கு சிமெண்டுடன் மூன்று அல்லது நான்கு பங்கு கிளிஞ்சல் குருணை சேர்த்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். கோழித் தீவனக் கடைகளில் கிடைக்கும் குருணை இதற்குப் போதுமானது. இத்துடன் ஒரு பங்கு கல்லுப்பைக் கலந்து, ஈர மணலில் தோண்டிய குழிகளில் ஊற்றினால் ஒழுங்கற்ற இயற்கை வடிவம் கிடைக்கும். பின்னர் நீரில் ஊறும்போது கல்லுப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளைகளாகும். நுண்ணுயிரிகள் குடியேறுவதற்கு இத்துளைகள் தேவை.

புதிய சிமெண்டு நீரைக் கடும் காரமாக்கும். பாறையை நல்ல நீரில் இட்டு, நீரை அடிக்கடி மாற்றி, ஆறு முதல் எட்டு வாரங்கள் ஊறவைக்க வேண்டும். இரண்டு நாள் மாற்றாமல் விட்ட நீரின் பி.எச். மதிப்பு 8.5 ஐத் தாண்டாத நிலையே பாறை ஆயத்தம் என்பதற்கு அடையாளம். பொறுமையிழந்து இக்கட்டத்தைச் சுருக்குவோர் முதல் மீனையே இழப்பர். கடலிலும் இதையொத்த முறை கையாளப்படுகிறது: தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் மன்னார் வளைகுடாவில் அழிந்த பாறைகளை மீட்பதற்குக் காங்கிரீட்டு அடித்தளங்களில் பவளத்துண்டுகளைப் பொருத்தி வளர்த்து வருகிறது.

நீர்

ஆரணியின் நெசவாளர் குடும்பங்களுக்கு நீரின் கடினத்தன்மை புதிய செய்தி அன்று. பட்டு நூலின் பசையைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நீக்கும்போது, கடின நீரானால் சோப்பு திரிந்து நூலில் படியும். பவளத்தொட்டியில் சிக்கல் வேறு வகையானது. கடல்நீரே எந்த ஆழ்துளைக் கிணற்றின் நீரை விடவும் கடினமானது. ஆகவே சுண்ணாம்பு இங்கு பகையன்று. நிலத்தடி நீருடன் வரும் நைட்ரேட்டு, பாசுபேட்டு, சிலிக்கேட்டு ஆகியவையே பாசியைப் பெருக்கிப் பவளத்தை மூடுகின்றன. எனவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், அதாவது வீடுகளில் ஆர்.ஓ. என்று அறியப்படும் கருவியில் வடித்த நீரையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். குடிநீர் ஆர்.ஓ. கருவிகள் சிலவற்றில் சுவைக்காகக் கனிமங்களை மீண்டும் சேர்க்கும் பகுதி உண்டு. அதற்கு முந்தைய குழாயிலிருந்து நீரைப் பிடிப்பது நல்லது.

இந்நீரில் சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற இடங்களில் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி சிப்சமாக முதலிலேயே படிந்துவிடும். பின்னர் சோடியம் குளோரைடு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரில் வெளியேறிவிடும். நல்ல உப்பு என்பது கடலின் மற்ற கனிமங்கள் நீங்கிய உப்பே ஆகும். நமக்கு நன்மையான இந்நீக்கம் பவளத்திற்குத் தீமையாகும். எனவே எல்லாக் கனிமங்களும் உரிய விகிதத்தில் சேர்ந்த கடலுப்புக் கலவை தேவை. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்பது கடலின் அளவு. லிட்டருக்குக் கால்சியம் 420 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் ஆகிய அளவுகளை ஒட்டியும், பி.எச். 8.0 முதல் 8.4 வரையிலும் இருப்பது இயல்பான நிலை.

தொட்டியும் எடையும்

எடுத்துக்காட்டாக 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் உள்ள ஒரு தொட்டியைக் கொள்வோம். இதன் கொள்ளளவு 360 லிட்டர். 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் வெறும் தொட்டியே 75 கிலோகிராம் இருக்கும். நீரும் பாறையும் சேர்ந்தால் மொத்த எடை அரை டன்னை நெருங்கும். இதை மாடியில் வைக்க விரும்புவோர் தளத்தின் நடுவைத் தவிர்த்து, உத்திரத்தின் மேலோ சுவரை ஒட்டியோ வைக்க வேண்டும். தாங்கியை இரும்பில் செய்தால் உப்பு விரைவில் அரிக்கும். நன்கு வண்ணம் பூசிய கனமான மரச்சட்டம் மேலானது. கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடையில் தெர்மாகோல் தகடு ஒன்றை இட்டால் சிறு மேடுபள்ளங்கள் சமமாகும்.

குழாய்த் துளைகளைக் கண்ணாடி ஒட்டுவதற்கு முன்னரே வைரத்துளைப்பான் கொண்டு நீர் ஊற்றியபடி இட வேண்டும். வன்மையூட்டிய கண்ணாடியில் துளையிட்டால் அது முழுவதும் நொறுங்கிவிடும். சென்னையில் வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூரில் இவ்வாறு துளையிட்ட தொட்டிகளைச் செய்து தருவோர் உள்ளனர்.

குழாயமைப்பு

காட்சித் தொட்டிக்குக் கீழே, தாங்கியின் உள்ளே, கீழ்த்தொட்டி என்னும் இரண்டாவது தொட்டி வைக்கப்படுகிறது. மேலிருந்து வழியும் நீர் இதில் விழுந்து, புரதப் பிரிப்பானைக் கடந்து, எக்கியால் மீண்டும் மேலே ஏற்றப்படுகிறது. மேல்தொட்டியின் மூலையில் பல்வரிசை போன்ற விளிம்புள்ள வழிவுப் பெட்டி ஒன்று இருக்கும். நீரின் மேற்பரப்பில் சேரும் எண்ணெய்ப் படலம் முதலில் இதனுள் வழிவதால் மேற்பரப்பு எப்போதும் தெளிவாக இருக்கிறது.

நீரை இறக்கும் குழாய் எளிய பொருளாகத் தோன்றினாலும் பெரும்பாலான விபத்துகள் இங்கிருந்தே தொடங்குகின்றன. ஒரே குழாயை நேராக நிறுத்தினால் நீரும் காற்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இறங்கும். நீர்மட்டம் ஏறி இறங்குவதுடன், வீடு முழுவதும் கேட்கும் உறிஞ்சொலியும் எழும். குழாயின் தலையில் ‘டீ’ இணைப்பும் கீழ்நோக்கிய வளைவும் பொருத்தி, மூடியில் சிறு காற்றுத்துளை இட்டால் ஒலி குறையும். இது டர்சோ குழாய் எனப்படுகிறது.

இதை விடப் பாதுகாப்பானது மூன்று குழாய் முறையாகும். முதல் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருக்கும். அது காற்றின்றி முழுவதும் நீரால் நிரம்பி, ஒலியின்றி இறங்கும். அதன் அடியில் உள்ள வால்வைச் சற்றே மூடி அளவைச் சரிசெய்ய வேண்டும். முதல் குழாய் கொள்ளாத சிறு மிகுதியை, சற்று உயரத்தில் வாய் உள்ள இரண்டாவது குழாய் ஏற்கும். எல்லாவற்றிலும் உயர்ந்த மூன்றாவது குழாய் எப்போதும் வறண்டே இருக்கும். நத்தையோ இலைப்பாசியோ மற்ற இரண்டையும் அடைத்துவிட்ட நாளில் அது ஒன்றே வீட்டின் தரையைக் காக்கும். ஆண்டுக்கணக்கில் பயன்படாத குழாய் என்று எண்ணி இதை விட்டுவிடுவது தவறான சிக்கனமாகும்.

எக்கி நின்றால் என்ன நடக்கும் என்பதை முன்னரே கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றவுடன் வழிவு விளிம்புக்கு மேலிருந்த நீர் இறங்கிவிடும். அத்துடன், நீரை ஏற்றும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அதுவே தலைகீழ் உறிஞ்சுகுழாயாக மாறி நீரைக் கீழே இழுக்கும். நமது எடுத்துக்காட்டுத் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்பது 7.2 லிட்டர். ஏற்றுகுழாயின் வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் ஏறத்தாழ 22 லிட்டர் இறங்கும், 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 144 லிட்டர் இறங்கும். கீழ்த்தொட்டி 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உடையதாய், 22 செ.மீ. நீருடன் இயங்குவதாகக் கொண்டால் அதில் எஞ்சியுள்ள இடம் 65 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் நிலையில் ஒன்றும் நேராது. இரண்டாவது நிலையில் 80 லிட்டர் உப்புநீர் தரையில் இருக்கும்.

இதைத் தடுக்க, ஏற்றுகுழாயில் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இடுவர். நீர் அத்துளை வரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுபடும். பாசியும் நத்தையும் இதை அடைக்கக்கூடும் என்பதால் மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்புவது போதாது. சுண்ணாம்பு படிந்த சில மாதங்களில் அதன் நாக்கு முழுவதும் மூடாது. எல்லாம் பொருத்திய பின்பு, உயிர்களை விடுவதற்கு முன், எக்கியின் இணைப்பைத் தானே பிடுங்கிப் பார்ப்பதே உண்மையான சோதனை. அதைப் பலமுறை செய்து, கீழ்த்தொட்டியில் நீர் நிற்கும் உயர்ந்த மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எக்கியின் அட்டையில் எழுதியுள்ள அளவு நீரை உயரத்திற்கு ஏற்றாதபோது கிடைப்பது. ஒன்றரை மீட்டர் உயரமும் நான்கைந்து வளைவுகளும் சேர்ந்தால் அதில் பாதியே கிடைக்கலாம். மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் வரை இத்தொட்டிக்குப் போதுமானது. பவளங்களுக்குத் தேவையான வலிய நீரோட்டத்தைத் தொட்டியின் உள்ளேயே சிறு சுழல் எக்கிகள் தரும்.

பொருள்களைப் பொறுத்தவரை, வீட்டு மேல்நிலைத் தொட்டிகளுக்கான பி.வி.சி. குழாய், டேங்க் நிப்பிள், யூனியன், பிளாஸ்டிக் பால் வால்வு ஆகியவை உள்ளூர் வன்பொருள் கடைகளிலேயே கிடைக்கின்றன. பித்தளை வால்வும் செப்பு இணைப்பும் கூடவே கூடா. மிகச் சிறிதளவு செம்பும் முதுகெலும்பில்லா உயிர்களைக் கொல்லும். எக்கியின் இருபுறமும் யூனியன் வைத்தால் பின்னாளில் கழற்றித் தூய்மை செய்யலாம். இல்லையேல் குழாயை அறுக்க நேரிடும். பசை ஒட்டிய இணைப்புகளை ஒரு நாள் காயவிட்டு, இரண்டு நாள் நல்ல நீரை ஓட்டிக் கொட்டிய பின்னரே உப்புநீர் நிரப்ப வேண்டும். மின்கம்பிகள் பிளக்கிற்குக் கீழே தாழ்ந்து வளைந்து வருமாறு அமைத்தால் கம்பி வழியாக வழியும் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இன்றி உப்புநீரில் கை வைக்கலாகாது.

வெப்பமும் மின்வெட்டும்

பவளத்திற்கு உகந்த வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ். நீர் தொடர்ந்து 30 பாகையைத் தாண்டினால் பவளம் தன் உடலில் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளுக்கும். மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பேரளவில் நேர்ந்தது. வட தமிழகத்தின் உட்பகுதியில் கோடையில் காற்றின் வெப்பம் 40 பாகையைத் தொடுவதால் குளிரூட்டல் இன்றித் தொட்டியைக் காப்பது கடினம்.

குளிர்விப்பான் கருவி விலை மிகுந்தது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே விதியைக் கொண்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறிகளை ஓடவிடுவது மலிவான வழி. நமது தொட்டியிலும் கீழ்த்தொட்டியிலும் உள்ள ஏறத்தாழ 430 லிட்டர் நீரில் ஒரு லிட்டர் ஆவியானால் மீதி நீரின் வெப்பம் ஒரு பாகைக்குச் சற்று மேல் குறையும். காற்று உலர்ந்திருக்கும் ஆரணி போன்ற ஊர்களில் இம்முறை ஈரக்காற்று வீசும் சென்னையை விட நன்கு பயன்படுகிறது. உள்நாட்டாருக்குக் கிட்டும் ஒரே வசதி இதுவெனலாம். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும்.

மின்வெட்டின்போது முதலில் தீர்வது உயிர்வளியாகும். 27 பாகையில் ஒரு லிட்டர் கடல்நீர் ஆறரை மில்லிகிராம் அளவே உயிர்வளியைக் கொள்ளும். 2012 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே பல மணிநேர மின்வெட்டு நீடித்தது. அத்தகைய நிலையில் விளக்குகளை விட்டுவிட்டு, ஒரு சுழல் எக்கியை மட்டும் இன்வெர்ட்டரில் இணைப்பது போதுமானது. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றூட்டியும் உதவும்.

சுண்ணாம்புத் தெளிநீர்

கற்பவளம் இல்லாத தொட்டியிலும் சுண்ணாம்புப் பாசிகளும் நத்தைகளும் கால்சியத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுசெய்ய உலகெங்கும் கையாளப்படும் பழைய முறை, நீற்றிய சுண்ணாம்பின் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதாகும். தூய கால்சியம் ஐதராக்சைடை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீருக்கு ஒன்றரை கிராம் வீதம் கரைத்து, தெளிந்த பின் மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். இதன் பி.எச். மதிப்பு 12 ஐத் தாண்டுவதால் ஒரேயடியாக ஊற்றினால் உயிர்கள் மடியும். விளக்கு அணைந்த இரவில் தொட்டியின் பி.எச். தாழ்ந்திருக்கும், அப்போது மெதுவாகச் சொட்டவிடுவது ஏற்றது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் பிற பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் அது தகாது.

உயிர்களை விடுதல்

பாறையும் நீரும் அமைந்த பின், இயங்கிவரும் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலை இட்டால் நுண்ணுயிரிகள் பரவும். இவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் திறன் பெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதலிரண்டின் அளவும் சுழியாகும் வரை எவ்வுயிரையும் விடலாகாது.

சட்ட அட்டவணையில் இல்லாத மென்பவளங்களும் காளான் பவளங்களும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. துண்டுகளிலிருந்து பெருகும் இவற்றை ஒருவர் தொட்டியிலிருந்து மற்றொருவர் பெறலாம். மீன்களில் கோமாளி மீனை முதலில் கொள்வது வழக்கம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இம்மீனின் பல இனங்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துள்ளன. கடலில் பிடித்த மீனைவிடப் பொரிப்பக மீன் தொட்டி உணவை எளிதில் ஏற்கும்.

நன்கு அமைந்த தொட்டியில் கோமாளி மீன் இணை பாறையின் மறைவான பக்கத்தில் முட்டையிடும். ஆண் மீன் துடுப்பால் விசிறி முட்டைகளைக் காக்கும். 28 பாகையில் ஏழு அல்லது எட்டு நாளில், விளக்கணைந்த பின் குஞ்சுகள் வெளிவரும். அவை நீரின் மேற்பரப்பை நாடுவதால் வழிவுப் பெட்டி வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இழுக்கப்பட்டு எக்கியில் சிக்கிவிடும். குஞ்சுகளை வளர்க்க விரும்புவோர் அன்றிரவு எக்கியை நிறுத்தி, அவற்றைக் குவளையால் மொண்டு வேறு கலத்திற்கு மாற்றுகின்றனர்.